பஞ்சவர்ணம் மதினி கொடுக்காத கார்

போன வாரம் அண்ணன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "சித்தப்பா, அம்மா..." என்று ஆரம்பித்தவன் அழுதுவிட்டான். மேலே எதையும் கேட்கத் தேவைப்படவில்லை. காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் ஊரிலும், கண்மாய்க்கு அப்பால் அவர் பிறந்த ஊரிலும் பஞ்சவர்ணம் மதினியை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவருடைய கைப்பக்குவத்தையும் வெடுக்கென்ற பேச்சையும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒரு காரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை காலம் நான் வாய் திறக்காமல் இருந்தது என் அண்ணனுக்காக. அண்ணன் முன்பே போய்விட்டார். இனி யாருக்காக மறைப்பது?

அறுபதுகளின் தொடக்கத்தில் அண்ணன் மதுரையில் ஒரு புதுக் கார் வாங்கினார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பரமக்குடியில் வாத்தியாராக இருந்த நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். விடுமுறை நாட்களில் நான்தான் டிரைவர். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சாலையில் கோழி குறுக்கே வந்தாலும் எனக்கு வேர்த்துவிடும். அப்படிப்பட்டவன் கையில் அந்தக் காரைக் கொடுத்து, குடும்பத்தையே பின்னால் ஏற்றி அனுப்பினார்கள்.

ஒரு நாள் மண்டபம் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் அண்ணனும் மதினியும் பிள்ளைகளும். உச்சிப்புளிக்கு முன்னால் ஓர் ஆட்டுமந்தை சாலையைக் கடந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் போய்க்கொண்டே இருந்தது. பெடல் தரையில் போய் முட்டியது. கார் அது பாட்டுக்குப் போனது. காலை எடுத்து எடுத்து மிதித்தேன். கடைசியில் எப்படியோ பிடித்தது. ஆட்டுக்காரர் கையிலிருந்த கம்பு முன்பக்கத்தில் உரசும் தூரத்தில் நின்றோம். அண்ணன் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மதினி மட்டும் முன்னால் குனிந்து என் காதருகே கேட்டார்: "கொழுந்தனாரே, நீங்க நிப்பாட்டுனீகளா, அதுவா நின்னுச்சா?"

கார் நின்ற பிறகும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்காததை அவர் பார்த்துவிட்டார்.

அண்ணன் மதுரைக்குப் போய்க் கார் விற்றவர்களிடம் சொன்னார். "புதுப் பிரேக் சார், ஓட ஓடப் படிஞ்சிரும்" என்றார்களாம். கியாரண்டி இருக்கிறது, ஆள் அனுப்பிப் பார்க்கிறோம், அதுவரை வெளியாள் யாராவது பிரித்தால் கியாரண்டி போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினார்கள். ராமநாதபுரத்து மெக்கானிக் ஒருவர் கழற்றிப் பார்க்கத் தயாராக இருந்தார். அண்ணன் அவரைக் காருக்குப் பக்கத்திலேயே விடவில்லை. கம்பெனி ஆளும் வருகிற வழியாக இல்லை. பிரேக் எட்டு நாள் ஒழுங்காகப் பிடிக்கும். ஒன்பதாம் நாள் கால் உள்ளே போகும். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"நம்ம சீமையில என்ன மலையா இருக்கு? ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா தன்னால நின்னுட்டுப் போகுது" என்றார் அண்ணன். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டிருக்கும். பனங்காடும் பொட்டலுமாக, எந்தப் பக்கம் பார்த்தாலும் மட்டமான பூமி. ஆனால் எங்கள் ஊர்களுக்கு ஏற்ற இறக்கம் என்று ஒன்று உண்டு, அது கண்மாய்க்கரை. மதினியின் ஊருக்குப் போகிற பாதை பெரிய கண்மாயின் கரைமேல் ஏறி, வளைந்து, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். அந்த வருஷம் தை மாதத்தில் கண்மாய் கரை தளும்ப நின்றது.

அந்தத் தையில்தான் மதினியின் தம்பி ராசுவுக்குக் கல்யாணம். புதுக் கார் இருக்கிற வீட்டில் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அதைக் கொடுக்காமல் இருப்பது எங்கள் பக்கம் பந்தியிலிருந்து எழுப்பிவிடுவதற்குச் சமம். அதிலும் கூடப்பிறந்த தம்பி. மதினியைப் பெற்ற அய்யா ஊரெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஆத்தா, மாப்பிள்ளையும் பொண்ணும் உங்க கார்லதான் நம்ம ஊருக்குத் திரும்புறாக. மொத நாளே அனுப்பிச்சுரு" என்றார் மகளிடம்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை, கூட வரும் பிள்ளைகள் என்று கார் நிறைய ஆளை ஏற்றிக்கொண்டு நான் அந்தக் கரையில் இறங்குவதை நினைத்தபோதே மாட்டேன் என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் பிரேக் கோளாறு என்று வெளியே மூச்சு விடக்கூடாது, ஊர் சிரிக்கும் என்று அண்ணன் வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கார் வராதுய்யா" என்றார் மதினி.

"ஏத்தா?"

"எனக்கு இஷ்டமில்ல."

அய்யா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடிக்காத மோரைச் சொம்போடு நகர்த்தி வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். வெற்றிலைத் தட்டு அங்கேயே கிடந்தது.

எனக்குத் தாங்கவில்லை. "மதினி, பிரேக்குன்னு காதோட காதா சொல்லிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா என்ன செய்வாக? 'பைய ஓட்டச் சொல்றேன்'ன்னு சொல்லி வாங்கிட்டுப் போயிருவாக. நீங்களும் மாட்டேன்னு சொல்ல மாட்டீக. இஷ்டமில்லேன்னு சொன்னாத்தான் எங்கய்யா தொட மாட்டாக" என்றார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் கணக்குத் தப்பவில்லை. அய்யா ரோஷக்காரர். பரமக்குடியிலிருந்து வாடகைக் கார் பிடித்தார். கல்யாணத்துக்கு நாங்கள் மாட்டு வண்டியில் போனோம். மதினியைப் பெற்ற தாயே "வாத்தா" என்று சொல்லவில்லை. மதினி அவர் பாட்டுக்கு இலை போட்டார், பரிமாறினார். தம்பி கல்யாணத்துக்கே கார் கொடுக்காதவள் என்ற பெயர் பந்தி முடிவதற்குள் அவர்மேல் ஒட்டிக்கொண்டது.

கல்யாணம் முடிந்த மறுவாரம் கம்பெனி ஆள் வந்தார். நல்ல மனிதர், சின்ன வயது. மட்டமான சாலையில் போய் வந்து, "ஒண்ணும் இல்லையே" என்றார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மதினி கதவுக்குப் பின்னாலிருந்து, "கண்மாய்க்கரையில ஒரு தடவ ஏறி எறங்கச் சொல்லுங்க" என்றார். வழிகாட்ட நான் போக வேண்டியதாயிற்று.

ஏறும்போது ஒன்றுமில்லை. மேலே வலப்பக்கம் தண்ணீர் சக்கரத்தை ஒட்டி அலையடித்தது. இறக்கம் தொடங்கியதும் அவர் பிரேக்கில் கால் வைத்தார். கால் உள்ளே போனதை அவர் முகத்திலேயே கண்டேன். மிதித்தார், மிதித்தார். கார் வேகம் பிடித்தது. கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டே வயல் பக்கமாக ஒடித்தார். கார் கரையிலிருந்து குலுங்கிக் குலுங்கி இறங்கி, அறுப்பு முடிந்த சேற்றில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. அவர் நெற்றியில் ரத்தம். "பின்னால ஆள் இருந்திருந்தா இந்தத் திருப்பம் திரும்பியிருக்காது சார்" என்றார். எனக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. அந்தச் சீட்டில் ராசுவும் புதுப்பெண்ணும் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

கியாரண்டியில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். மதினி வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் நான் அவருடைய அய்யாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "நான் காருக்கு வந்தன்னைக்கு மாப்பிள்ளைக்கு இது தெரியுமா?"

தெரியும் என்றேன். மருமகனான என் அண்ணன் தெரிந்தே பேசாமல் நின்றார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப இது வெளிய வரவேணாம். எம்மக வேண்டாமுன்னதாவே இருக்கட்டும்" என்றார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, மகளிடம் மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அப்பாவும் மகளும் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர் மதினிமேல் அப்படியே நின்றுவிட்டது.

வெகுகாலம் கழித்து, அண்ணனின் காரியம் முடிந்த பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "மதினி, அன்னைக்குக் கரையில பிரேக் பிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்பீக? பெறந்த வீட்டையும் பகைச்சு, கடைசியில ஒண்ணுமில்லேன்னு ஆயிருக்குமே?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பிடிச்சிருந்தா நல்லதுதான கொழுந்தனாரே? எல்லாரும் உசுரோட இருந்திருப்பாக. நான் ஒருத்தி பொல்லாதவளா இருந்திருப்பேன். அதுல என்ன நட்டம்?"

மதினி விட்டுச் சென்றதில் இந்தப் பதிலை நான் எனக்கென்று எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரைக் கொடுத்தவர்களில் மீதமிருப்பவர்கள், அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.