மாடிப்படிக்கு அடியில் கிடந்த எலி

எங்கள் தெருவில் வீடு கட்டிய யாரும் மாடியில் ஓர் அறை இல்லாமல் கட்டியதில்லை. அந்த அறைக்குப் போக வெளியிலிருந்தே ஒரு படிக்கட்டு இருக்கும். இரண்டு தெரு தள்ளிக் கல்லூரி. அதை நம்பித்தான் எல்லாம். டீக்கடையில் பேப்பர் போட்டதும், கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை நடந்ததும் மாடியறைப் பையன்களால்தான். விடுமுறை விட்டால் தெருவே ஊமையாகிவிடும்.

எங்கள் மாடியில் இருந்தவர் காங்கேயத்துக்காரர். விலங்கியல் கடைசி வருடம். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் அம்மாவிடம் ஒரு தூக்குப்போசி நிறையத் தேங்காயெண்ணெய் கொடுப்பார்.

நான் ஆறாம் வகுப்பு. தீப்பெட்டிப் படம், தபால்தலை என்று எதையாவது சேர்க்கும் பித்து பிடித்து, எல்லாம் சலித்துப்போயிருந்த சமயம். அண்ணன் ஒருநாள் சட்டைப்பைக்குள் கையைவிட்டு ஒரு வெள்ளை எலிக்குஞ்சை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கல்லூரி ஆய்வகத்து எலி. சிவந்த கண், ரோஜா நிற வால். சுண்ணாம்பு என்று பெயர் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை. எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பூனையைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் பழைய சாமான்கள் போட்டுவைக்கும் அறையில், கம்பிவலை அடித்த ஒரு பெட்டியில் சுண்ணாம்பு வளர்ந்தது. பள்ளிவிட்டு வந்ததும் அது என் சட்டைக்குள் புகுந்து தூங்கும். அண்ணனையும் என்னையும் தவிர அதை யாரும் அறியார்.

அந்த வருடம் அண்ணனின் வகுப்பு பம்பாய்க்குச் சுற்றுலா போனது. அவர்கள் திரும்பிவந்த வாரத்தில்தான் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. தொலைக்காட்சியில் எல்லாரும் மூக்கை மூடிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்கள். மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துபோனது. டீக்கடையில் கிரிக்கெட் பேசியவர்கள் கைக்குட்டைக்குள்ளிருந்து பிளேக் பேசினார்கள். அப்பா என் பள்ளி அட்லஸை வாங்கி விரித்து, பம்பாய்க்கும் சூரத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பார்த்தார். அவருடைய பெருவிரலை வைத்தால் இரண்டு ஊருமே மறைந்துபோயின. அது அவரை மிகவும் கலவரப்படுத்தியது.

எங்கள் ஊருக்குப் பிளேக் புதிதில்லை. பிளேக் மாரியம்மன் என்று அம்மனுக்கே பெயர் வைத்துக் கும்பிடுகிற ஊர். அத்தை ஆடிக்கு ஒருமுறை போய்வந்த கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் போகத் தொடங்கினார்.

"எலி செத்து உழுந்துச்சுன்னா அன்னிக்கே ஊட்டைப் பூட்டிப்போட்டுக் காட்டுக்குப் போயிருவாங்க. அங்கயே ஓலையில சாளை போட்டுக்கிட்டுக் கெடப்பாங்க. எங்கம்மா பொறந்ததே அப்படியொரு சாளையிலதான்" என்றார்.

"நோவு வந்தவங்க, அத்தை?" என்று கேட்டேன்.

"அவங்களை யாரு கண்ணு கூட்டிக்கிட்டுப் போவா?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. எலி என் சட்டைக்குள் தூங்கியது தெரிந்தால் என்னை விட்டுவிட்டு எல்லாரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். நகராட்சி ஆட்கள் வீடுவீடாக வருவார்கள் என்று வேறு பேச்சு. சுண்ணாம்பைக் கம்பிவலைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் விட்டேன். சத்தமும் நாற்றமும் வெளியே வரக்கூடாதே என்று மூடியை முழங்கையால் அழுத்தி மூடினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டு எல்லாரும் படுத்தபிறகு போய்த் திறந்தேன். சுண்ணாம்பு விறைத்துக் கிடந்தது.

அழவில்லை. அழுவதற்கு இடமில்லாத அளவுக்குப் பயம் இருந்தது. சாக்கடையில் போட்டுவிடலாம். ஆனால் வெள்ளை எலியென்றால் கல்லூரி எலி. கல்லூரி எலியென்றால் அண்ணனைக் கேட்பார்கள். அண்ணன் என் பெயரைச் சொல்லிவிடுவார். இவ்வளவு தெளிவாக நான் பள்ளிக் கணக்கில்கூட யோசித்ததில்லை. அப்பாவின் கறுப்பு பூட்பாலிஷை எடுத்து, தலையிலிருந்து வால் நுனிவரை பூசினேன். காகிதத்தில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது எதிர்வீட்டு அக்கா துணி எடுக்க வெளியே வந்தார். பதறிப்போய், கையில் இருந்ததை மாடிப்படிக்கு அடியில் உதறிவிட்டு வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

மாலையில் வாசல் கூட்டப்போன அத்தை போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கூடியதே தவிர யாரும் பக்கத்தில் வரவில்லை. அகன்ற வட்டமாக நின்றார்கள். நடுவில் சுண்ணாம்பு.

"ஏனுங் சார்," என்றார் எதிர்வீட்டு அக்கா அப்பாவிடம், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு. "மேல இருக்கற தம்பி பம்பாய்க்குப் போயிட்டு வந்துதுங்களே, வந்ததுல இருந்து இருமிக்கிட்டேதான் கெடக்குதுங்க. இப்ப அது படிக்கட்டுக்கிட்டயே எலி உழுந்திருக்குது. நாஞ் சொன்னா நெசமாட்டத் தெரியாது, நீங்களே பாத்துக்கோங்க."

"ஆமாங்க," என்றார் டீக்கடைக்காரர். "நேத்துக் கடைக்கு வந்து டம்ளர்ல குடிச்சுட்டுப் போச்சு. நான் அந்த டம்ளரையே தூக்கி எறிஞ்சுபோட்டேன்."

"எந்த டம்ளர்னு எப்படீங்க தெரிஞ்சுது?" என்று யாரோ கேட்டார்கள். இரண்டுபேர் தங்கள் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணன் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கிவந்தார். அவருக்காக வட்டம் இன்னும் அகன்றது. "டாக்டர்கிட்டக் காட்டியாச்சுங்க, சாதாரணச் சளிதான்னு சொல்லிட்டாருங்க" என்றார். எலியை எடுக்க ஆளில்லை. அவரே ஒரு பழைய பேப்பரைக் கொண்டுவந்து, குனிந்து, வாலைப் பிடித்துத் தூக்கினார்.

அவர் விரல்கள் கறுத்தன.

விரல்களைப் பார்த்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோனார். பிறகு வாசலில், அம்மாவின் பின்னால் நின்றிருந்த என்னைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எலியைப் பேப்பரில் நன்றாகச் சுருட்டி, கோடியில் இருந்த காலிமனைக்குக் கொண்டுபோனார். அத்தை தூரத்திலிருந்து நீட்டிய மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்தினார். கறுப்பும் வெள்ளையும் எல்லாம் அதோடு எரிந்தன.

அன்றே பேசி முடித்துவிட்டார்கள். அப்பா கெட்டவரில்லை. அதனால் சொல்லவேண்டியதைச் சுற்றிவளைத்துச் சொன்னார்.

"தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. கொழந்தை இருக்கற ஊடு. கொஞ்சநாள் ஊருக்குப் போயிட்டு வாங்க. ரூம் உங்களுக்குத்தான்."

"அடுத்த வாரம் பிராக்டிகல் பரீச்சைங்க சார். அதை உட்டா ஒரு வருசம் போயிருமுங்க. நான் வேணா ரூமை விட்டு வெளியவே வராம இருந்துக்கறனுங்க."

"பரீச்சைக்குப் போயிட்டு வந்துதானே ஆகோணும்? தெருவுல யாரும் ஒத்துக்க மாட்டீங்கறாங்களே."

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். 'அது என் எலி' என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது. வாய்வரை வந்தது என்றுகூடச் சொல்லமாட்டேன், வரவில்லை. காட்டில் சாளை போட்டுக்கொண்டு அப்பாவும் அம்மாவும் அத்தையும் உட்கார்ந்திருக்க, நான் மட்டும் பூட்டிய வீட்டுக்குள் இருப்பதுபோல ஒரு படம் கண்முன் நின்றது.

மறுநாள் காலையில் அண்ணன் டிரங்குப்பெட்டியோடு இறங்கினார். தெருக்கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் எதிரே வந்து நின்று, குரலைத் தாழ்த்தினார்.

"கண்ணு, கையை நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிக்க. நகத்துக்குள்ள கறுப்பு நிக்குது. உங்கப்பா பாத்துப்போடுவாரு."

போய்விட்டார். நான் குழாயடிக்கு ஓடி, தேங்காய் நாரால் விரல் எரியும்வரை தேய்த்தேன். அவர் என்னை மிரட்டுகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. எல்லாம் தெரியும், எப்போது வேண்டுமானாலும் சொல்வேன் என்கிறார். அந்த வெள்ளிக்கிழமை அத்தையோடு பிளேக் மாரியம்மன் கோயிலுக்குப் போய், அண்ணன் திரும்பி வரவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு வேண்டினேன்.

அவர் திரும்பி வரவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேப்பரில் பிளேக் உள்பக்கத்துக்குப் போய், பிறகு இல்லாமலே போனது. டீக்கடையில் மறுபடி கிரிக்கெட் வந்தது. பரீட்சையும் முடிந்திருந்தது. அண்ணனின் தமையனார் வந்து கட்டிலையும் புத்தகங்களையும் எடுத்துப்போனார். தம்பி எண்ணெய் மில்லில் வேலைக்குப் போகிறான், படித்தது போதும் என்கிறான் என்று அப்பாவிடம் சொன்னார். "நல்ல பையன்" என்றார் அப்பா. அம்மா தூக்குப்போசியைத் திருப்பிக் கொடுத்தார். மாடிக்கு வேறு பையன் வந்தான்.

அண்ணன் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு நான் வெகுகாலம் ஒரு காரணம் வைத்திருந்தேன். ஆய்வகத்து எலியைத் திருடியது வெளியே தெரிந்தால் கல்லூரியில் அவரைத் தண்டிப்பார்கள். தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசாமல் இருந்தார். அந்தக் காரணம் எனக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. பிறகு நானே அதே கல்லூரியில் சேர்ந்தேன். ஆய்வக உதவியாளர் ஒருநாள் ஓர் அட்டைப்பெட்டியை எங்கள் முன்னால் வைத்தார். உள்ளே வெள்ளைக் குஞ்சுகள் நெளிந்தன.

"மிஞ்சிப்போச்சுங்க தம்பி. எப்பவும் கேக்கறவங்களுக்குக் குடுத்துருவோம். வேணும்னா எடுத்துக்கோங்க."

காங்கேயத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் போய்க்கொண்டேதான் இருக்கிறது. காதோரம் நரைத்துவிட்டது, நான் இன்னும் ஏறவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு, ஒரு வருடப் படிப்பைத் தொலைத்துக்கொண்டு போகிற ஒருவர், நான் அடிவாங்கக் கூடாதே என்று நின்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்று எனக்கு அது மிரட்டலாகத்தான் கேட்டது.