அமலா அக்கா எடுக்கச் சொன்ன புள்ளிகள்

அன்று காலை சேலம் அலுவலகத்தில் எங்கள் செயலியின் அடுத்த பதிப்பைப் பற்றிப் பேச உட்கார்ந்திருந்தோம். ஏற்காட்டிலிருந்து அமலா அக்கா கைப்பேசியில் சேர்ந்துகொள்ள வேண்டும். சேரவில்லை. அழைத்தேன். அவருடைய தம்பிதான் எடுத்தார்.

"நெஞ்சு வலின்னாங்க. கார்ல கீழ கூட்டியாந்தோம். அடிவாரம் வர்றதுக்குள்ளயே அக்கா போயிட்டாங்க சார்."

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் நாலு வரிக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அமலா ரோஸ்லின், சேர்வராயன் மலைக் கிராமங்களின் குடிநீருக்காக உழைத்த ஒரு சிறு தொண்டு நிறுவனத்தில் கள ஒருங்கிணைப்பாளர். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் ஒருவரின் மகள். கோடையில் எந்த ஊற்று வற்றுகிறது, எது தாங்குகிறது என்பதைக் கிராமத்தாரே கைப்பேசியில் பதிந்துவைக்க ஒரு செயலி வேண்டுமென்று கேட்டவர் அவர்தான். அதை வடிவமைக்கப் போனவன் நான்.

முதல் நாள் மடிக்கணினியைத் திறந்தேன். அவர் எழுந்துவிட்டார்.

"உக்காந்தா எனக்கு யோசனை ஓடாது கண்ணு. வா, நடந்துக்கிட்டே பேசலாம்."

ஏரியைச் சுற்றி நடந்தபடியே திட்டமிட்டோம். சிக்னல் இல்லாத இடத்தில் பதிவு அழியக் கூடாது. தெரியாத கேள்வியைத் தாண்டிப் போக வழி வேண்டும். "பதில் சொன்னாத்தான் உடுவேன்னு போன் மிரட்டுச்சுன்னா, ஜனங்க பொய்தான் சொல்லும்" என்றார்.

திரைகளைத் தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு கிளியூர்ப் பக்கம் போனோம். ஊற்றுகள் புள்ளிகளாகத் தெரியும் வரைபடம்தான் எனக்குப் பெருமை. அதைப் பார்த்த ஒரு பெண் கேட்டார்:

"ஏனுங்க, இத வேற யாரெல்லாம் பாப்பாங்க?"

"யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்" என்று உற்சாகமாகச் சொன்னேன். அந்தப் பெண் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். திரும்பும் வழியெல்லாம் அமலா அக்கா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டில்தான் வெடித்தார்.

"நாளைக்கே ரிசார்ட்டுக்குத் தண்ணி ஓட்டுற லாரி ஊத்துக்கிட்ட வந்து நிக்கும். நாமளே வழி காட்டிட்டு, நாமளே ஊத்து வத்திப்போச்சுன்னு கணக்கும் எடுப்பமா? அந்தப் புள்ளியெல்லாம் எடுத்துரு கண்ணு."

திட்டத்துக்குப் பணம் தந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. பொது வரைபடம் இல்லையென்றால் திட்டமே இல்லை என்றது. அவர் ஊர் ஊராக அலைந்தார். கூட்டங்கள் போட்டு, வரைபடம் வேண்டாமென்று மக்களையே சொல்லவைத்தார். நிறுவனத்தார் மேலே வந்து கேட்டபோதும் மக்கள் அதையே சொன்னார்கள். கடைசியில், ஊற்றின் இடம் அந்தந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரியும்; வெளியாருக்கு ஊர்ப் பெயரும் நீரின் நிலையும் மட்டும் தெரியும் என்று முடிவானது. வடிவமைப்பைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினேன். ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளத் தோன்றவில்லை.

அந்த அலைச்சலிலேயே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. "டாக்டரைப் பாருங்கக்கா" என்றால், "இந்தக் கோடை போவட்டும் சாமி" என்பார். கோடை போய்விட்டது. நான் ஏன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போகவில்லை என்று தெரியவில்லை.

ஏற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ஜெபம் முடிந்து மண் போட்ட பிறகும் மலைக் கிராமத்துப் பெண்கள் நகரவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார்.

"நேத்து எங்கூர் ஊத்துல தண்ணி கலங்கலா வந்துச்சுங்க. அக்காகிட்டச் சொல்லோணும்னு இருந்தேன். இனி ஆருகிட்டச் சொல்றதுங்க?"

"எங்கிட்டச் சொல்லுங்க. நாளைக்கு வரேன்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, ஈர மண்மேல் ஒரு கை செவ்வந்தியை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

அமலா அக்கா, இனியாவது கொஞ்சம் உட்காருங்கள். நாங்கள் நடக்கிறோம்.