மெர்சியின் புதுத் தோழி

நான் கம்ப்யூட்டரைப் பார்த்து ஏமாற்றி ஆடுவதாக எங்கள் ஆன்லைன் செஸ் குழுவில் எழுதிய மெர்சி, நான் பதில் சொல்வதற்குள் என்னை ப்ளாக் செய்துவிட்டாள். அந்தச் சண்டை உங்களில் பலருக்குத் தெரியும்.

இன்று ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண் போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எதிரே ஆடுவது மெர்சி!

எனக்கு வயிறு எரிந்தது. ஆட்டத்துக்கு நடுவே இவளுக்குச் சிரிக்கிற பொம்மைகள் வேறு அனுப்புகிறாள். எனக்கு ஒருநாளும் அனுப்பியதில்லை.

தன் ராணி மாட்டிக்கொண்டதும் அந்தப் பெண் முழித்தாள். என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

"ராணி போனாப் போகட்டும். குதிரைய இங்கன வைங்க," என்றேன்.

வைத்தாள். மெர்சி ராணியை வெட்டினாள். அடுத்த குதிரைத் தாவலில் செக்மேட்.

"எக்கா, நீங்க பெரிய ஆளா இருக்கியளே!" என்றாள் அந்தப் பெண்.

அதற்குள் மெர்சியிடமிருந்து செய்தி வந்துவிட்டது. "ஏளா, இது ஒன் ஆட்டம் இல்லயே. ராணிய இப்படித் தூக்கிக் குடுக்கது செல்வி ஒருத்திதான். அவ பக்கத்துல இருக்காளா?"

கம்ப்யூட்டராம், கம்ப்யூட்டர்! என் கை அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

"ஒங்க பேரு செல்வியாக்கா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் அப்பாவியாக "ஆமா" என்று பதில் அனுப்பினாள். மறுநொடி மெர்சி அவளையும் ப்ளாக் செய்துவிட்டாள்.

அந்தப் பெண் என்னை முறைத்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

மெர்சி இப்போது வேறு யாரோடாவது ஆடுகிறாளா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.