ஜெபச் சீட்டில் எழுதிய சாபம்

என் மகளுக்குக் கூடி வந்த சம்பந்தத்தை எதிர்வீட்டு ஸ்டெல்லா கெடுத்தாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இல்லாததும் பொல்லாததும் சொல்லியிருக்கிறாள். மகளை நினைத்த கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டாபிராமில் எங்கள் இருவருக்கும் ஒரே சபை. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில், பெயர் போடாமல் எழுதிக் கொடுக்கும் விண்ணப்பச் சீட்டுகளைப் பாஸ்டரம்மா வாசிப்பார். நான் எழுதினேன்: "ஆண்டவரே, என் பெண் வாழ்க்கையைக் கெடுத்த ஸ்டெல்லாவின் நாக்கு அழுகட்டும்." சபையே ஆமென் சொல்லட்டும் என்றுதான் எழுதினேன்.

அன்று பாஸ்டரம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சீட்டுகளை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டார்.

என் சீட்டைப் பிரித்தவளின் முகம் வெளுத்தது. நேராக என்னைப் பார்த்தாள். பிறகு சத்தமாக, "ஒரு அம்மா, பொண்ணு கல்யாணத்த நெனச்சு வேதனப்பட்டுகினு கீறாங்க. எல்லாரும் ஜெபம் பண்ணுங்க" என்றாள். முதலில் முழங்காலிட்டு அழுததும் அவள்தான்.

'நல்லா அழு' என்று நினைத்துக்கொண்டே நானும் முழங்காலிட்டேன். அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் இப்போது சீட்டில் யார் பெயரையும் எழுதுவதில்லை. கர்த்தரிடம் தனியாகத்தான் முறையிடுகிறேன். வாயைத் திறந்தால், என் மகளுக்காக அவள் அழுத அழுகை குறுக்கே வந்து நிற்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அவள்மேல் எனக்குக் கோபம்.