அடிமைச் சீட்டு

கண்ணை மூடியபடி சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் வரலாற்று டீச்சர் வாயைத் திறப்பார். "அங்க இப்ப நல்ல வெயிலு. ஆத்துல தண்ணி கலங்கி ஓடுது. ராஜா கல்லுல சட்டம் வெட்டச் சொல்லியிருக்காரு, சத்தம் கேக்குதா?" சாப்பாட்டுக்குப் பிந்திய வகுப்பு, அரைத்தூக்கத்தில் கிடக்கும் பிள்ளைகளுக்கு உளிச்சத்தம் கேட்டுவிடும்.

பாபிலோனுக்கு அவர் போனதில்லை. ஆனால் அடுத்த தெரு மாதிரிப் பேசுவார். "நேத்து அங்க ஒரு வழக்கு..." என்று ஆசிரியர் அறையில் ஆரம்பித்தால் நான் டீயோடு நகர்ந்துவிடுவேன். கணக்கு வாத்தியாருக்குக் கல்லும் உளியும் எதற்கு? பிள்ளைகள் வைத்த பெயர் 'கல்வெட்டு'. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பார்.

அந்தச் சட்டத்தை நடிக்க வைத்துத்தான் நடத்துவார். சீட்டுக் குலுக்கி பிரபு, குடியானவர், அடிமை என்று பிரிப்பார். பிரபுவுக்கு நாற்காலி, குடியானவருக்குப் பெஞ்சு, அடிமைக்குத் தரை. பிரபுவின் கண்ணைக் கெடுத்தால் கண்ணுக்குக் கண். அடிமையின் கண் போனால் அவன் விலையில் பாதி, அதுவும் எசமானுக்கு.

"அப்ப எனக்கு, மிஸ்?" என்பான் அடிமைச் சீட்டு விழுந்தவன்.

"உனக்கு எதுக்குடா கண்ணு? நீயே அவரோட சாமான்தானே."

சிரிப்பு எழும்பிப் பாதியில் அமுங்கும். அந்த அமைதிக்காகத்தான் அவர் காத்திருப்பார்.

இந்த வருடம் அடிமைச் சீட்டு தாளாளரின் மகளுக்கு விழுந்தது. எசமான், பள்ளித் தோட்டக்காரரின் மகன். "மாத்திடுங்க டீச்சர், வம்பு" என்றேன்.

"சீட்டுக்கு யாரு வீட்டுப் புள்ளைன்னு தெரியாதே சார்."

வகுப்பில் நடித்த வழக்கின் விசாரணை மறுநாளும் தொடர்ந்தது. அதற்குள் சேதிக்குக் கால் முளைத்துவிட்டது. தாளாளர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். பக்கத்து வகுப்பிலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன்.

"எம்பொண்ணையா தரையில உக்கார வெச்சிருக்கீங்க? எந்திரிம்மா!"

அவள் எழவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் சாக்பீஸ் தூசி பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர் மகன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான். அவள் அவனையே பார்த்தாள்.

"நானா எந்திரிக்க முடியாதுப்பா. அவன் சொல்லணும்."

தாளாளரின் முகம் சிவந்தது. டீச்சர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வேலைக்கு வர்ற எண்ணம் இருக்கா, இல்லையா?"

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் வைத்தார். நாற்காலிகளைத் தாண்டி, பெஞ்சுகளைத் தாண்டி நடந்துபோய், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.