காய்ந்து கிடந்த படி

இன்று காலை எங்கள் தெருக் கடைக்காரர்களின் பாதுகாப்புக் கூட்டம். ஐஸ் என்ற போதைப்பொருளை எடுத்துவிட்டுக் கடை வாசலில் வந்து படுப்பவர்களை என்ன செய்வது என்பதுதான் பேச்சு.

எங்களிடம் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. கடை மூடும்போது ஆளுக்கொரு வாளி தண்ணீரைப் படியில் ஊற்றிவிட்டுப் போவோம். ஈரத்தில் எவனும் படுக்க மாட்டான்.

புடவைக் கடை செல்வம் அண்ணன் எழுந்தார். "எல்லாரும் ஊத்துறோம். ஹார்ட்வெயார் கடை நானாட படி மட்டும் தெனமும் காஞ்சு கெடக்கு. அங்கதானே வந்து படுக்கிறானுங்க?"

நானா என்று நாங்கள் அழைக்கும் அந்த முஸ்லிம் பெரியவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அதுல படுக்கிறது என்ட மகன். ஊட்டுக்குள்ள எடுக்கப் பயம், எல்லாத்தயும் வித்துட்டான். படியும் ஈரமா இருந்தா வேற எங்கயாவது போயிடுவான். பொறகு நான் எங்க போய் தேடுற?"

மகன் கட்டாரில் வேலை செய்கிறான் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். போன பெருநாளுக்கு, "மகன்கிட்ட சொல்லி எனக்கும் ஒரு சென்ட் போத்தல் எடுத்துத் தாங்க நானா" என்று கேட்டவன் நான். சிரித்தார்.

கூட்டம் அத்தோடு கலைந்தது.

மாலையில் கடைகளை மூடிவிட்டு எல்லோரும் வாளியோடு நின்றோம். யாருக்கும் கை வரவில்லை. கடைசியில் செல்வம் அண்ணன் தன் வாளியைத் தெருவோரச் சாக்கடைக் கானில் கவிழ்த்தார். "எப்படியும் மழை வரும் தம்பி, தண்ணி எதுக்கு?"

வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கடைத்தெரு இருக்கும் அம்பிட்டிய பக்கம் இருப்பவர்களே, அங்கே மழை இருட்டு ஏதும் கட்டுகிறதா? 'இல்லை' என்று மட்டும் கீழே கமென்டில் போடுங்கள்.