தொடாமல் இருந்த நாள்

எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் என் புக்ககத்தில், எந்தப் பெண்ணும் கர்ப்பத்தை மறைத்துவிட முடியாது. மாதம் மூன்று நாள் கொல்லைத் தாழ்வாரத்தில், கிணற்றை ஒட்டிய ஓரத்தில், தனிப் பாய், தனித் தட்டு, தனிச் சொம்போடு உட்கார வேண்டும். யாரையும் எதையும் தொடக் கூடாது. உட்கார வேண்டிய தேதியில் உட்காராவிட்டால் மறுநாளே என் மாமியார் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிடுவார். நானும் என் நாத்தனாரும் வேலைக்குப் போகிறவர்கள். அந்த மூன்று நாளும் கொல்லைக் கதவு வழியாகப் போய், பஸ்ஸில் ஊரில் உள்ள அத்தனை பேரோடும் இடிபட்டு ஆபீசுக்குப் போவோம். சாயங்காலம் திரும்பி வந்து, துணிக்கொடியைக்கூடத் தொடாமல் அதே ஓரத்தில் உட்காருவோம். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனாலும் நான் ஒரு நாள்கூட மீறியதில்லை.

நாத்தனாருக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பேங்கில் கிளார்க். முதல் நாளன்று வயிற்றுவலி தாங்காமல் சுருண்டு படுத்துவிடுவாள். ஒரு மாதம் அப்படிப் படுக்காமல், பாயில் சம்மணம் போட்டுக்கொண்டு பத்திரிகைத் தொடர்கதை படித்தாள். ரசம் சாதம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மாதமும் தேதி தவறாமல் உட்கார்ந்தாள். அன்று விடியற்காலையில் நான் பல் தேய்க்கப் போனபோது அவள் கிணற்றுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தூரமாகாமலே தூரம் என்று உட்கார்ந்திருக்கிறாள். இந்தப் பொய்க்கு என்ன பிராயச்சித்தம் என்று எந்த சாஸ்திரிக்கும் தெரிந்திருக்காது.

"எத்தனை நாளாடி?" என்றேன்.

"ரெண்டு மாசம் மன்னி."

கூட வேலை பார்த்தவன்தான். விஷயத்தைச் சொன்ன மறுவாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு நாக்பூருக்குப் போய்விட்டான்.

"இப்போ சட்டம் வந்துடுத்து மன்னி. டாக்டரே பண்ணலாமாம். ஆனா நாள் தள்ளிப் போகப்படாதாம். தனியாப் போக பயமா இருக்கு. நீங்க கூட வரேளா?"

எனக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். மூன்று தடவை உண்டாகி, மூன்று தடவையும் தங்கவில்லை. அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று உறவுக்காரிகள் என் காதுபடவே கேலி பேசுவார்கள். அப்படிப்பட்ட என்னிடம் வந்து, வேண்டாத ஒன்றைக் கழிக்கத் துணைக்கு வா என்கிறாள். வயிறு பற்றி எரிந்தது. அதில் தர்மம் பாதி, பொறாமை பாதி. எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"உயிர்னா உயிர்தான்டி. இதுல பெரிசு என்ன, சின்னது என்ன? கொலைக்கு நான் துணை வரமாட்டேன்" என்றேன்.

"அப்போ நான் என்ன பண்ணட்டும்?"

"பெத்துக்கோ."

"எங்கே வெச்சுண்டு?"

நான் வளர்க்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மாமியார் முகம், தெருவின் வாய், என் புருஷனுக்கு யார் எப்படிச் சொல்வது என்ற மலைப்பு, எல்லாம் சேர்ந்து தடுத்துவிட்டன. என் தர்மத்தை அவள் சுமக்க வேண்டும், நான் சுமக்க மாட்டேன். அன்று எனக்கு இது உறைக்கவே இல்லை.

அடுத்த மூன்று வாரம் அவள் வாதாடவில்லை, அழவும் இல்லை. நடுவில் ஒரு நாள் மட்டும் வாழைப்பூ ஆய்ந்துகொண்டே, "நாள் போயிண்டே இருக்கு மன்னி" என்றாள். நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன். பப்பாளிக்காய் வாங்கி வந்து யாருக்கும் தெரியாமல் தின்றாள். எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்றாள். கேட்காமலே கிணற்றிலிருந்து அண்டா அண்டாவாகத் தண்ணீர் சேந்திக் கொட்டினாள். "கொழந்தைக்கு என்ன திடீர்னு இவ்வளவு பொறுப்பு" என்று மாமியார் மெச்சினார்.

ஒரு நாள் துவைக்கப் போட்ட அவள் ரவிக்கைக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. வடபழனிப் பக்கம் ஒரு வீட்டு விலாசம். கேட்டதற்கு, பேங்கில் பெருக்குகிறவள் கொடுத்ததாகச் சொன்னாள். அந்த வீட்டுக்காரி எருக்கங்குச்சி வைத்துக் கலைப்பாளாம். எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஒருத்தியின் தங்கை அப்படிப் போய் ஜன்னி கண்டு செத்தது எனக்குத் தெரியும். மனம் மாறிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். பயந்துவிட்டேன், அவ்வளவுதான். காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, "சனிக்கிழமை போகலாம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மாமனாருக்குத் திவசம். வருகிற பிராமணர்களுக்கு வேஷ்டி வாங்க தி. நகர் போகிறோம் என்று சொல்லிவிட்டு, இரண்டு பேருமாக அடையாறில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். இவள் புருஷன் மிலிட்டரியில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்று பஸ் முழுக்க ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் வயதைத்தான் கேட்டார். "இருபத்திரண்டா? அப்போ நீயே கையெழுத்துப் போடலாம். இன்னும் நாலு நாள் தாண்டியிருந்தா இன்னொரு டாக்டரும் கையெழுத்துப் போடணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார். "மன்னி" என்றேன். அவ்வளவு ஒத்திகைக்கும் அந்த ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

உள்ளே அழைத்துப் போக வந்த ஆயா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாத்துக்கு இப்டி நடுங்கிக்கினு கீறே? ஒண்ணியும் ஆவாது, வா" என்றாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுலோகம் சொல்லப் பார்த்தேன். எதற்காகச் சொல்வது, யாருக்காகச் சொல்வது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிட்டேன். பாவம் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பாவம் என்று நினைத்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில் தி. நகரில் டாக்ஸியை நிறுத்தி, அவளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, ஓடிப்போய் வேஷ்டிகள் வாங்கி வந்தேன். வீடு வந்ததும் அவள் நேரே கொல்லைப்பக்கம் போய், "அம்மா, நான் ஒதுங்கியாச்சு" என்று குரல் கொடுத்தாள். கணக்காக அவளுடைய தேதியும் அதுதான். "சரி, நாளைக்கு ஒம்பது மணிக்கு மேல யார் கண்ணுலயும் படாதே" என்றார் மாமியார்.

மறுநாள் விடிவதற்கு முன் தலைக்குக் குளித்து, தனியாக உலர்த்தியிருந்த மடிப் புடவையைக் கட்டிக்கொண்டு சமையலில் இறங்கினேன். திவசச் சமையல் முடியும்வரை மடியாக இருக்கிறவள் மற்றவர்கள்மேல் படக் கூடாது. ஒதுங்கி இருக்கிறவளைத் தொட்டுவிட்டால் குளித்துவிட்டு அத்தனையையும் முதலிலிருந்து சமைக்க வேண்டும். பிராமணர்கள் வந்து ஹோமம் ஆரம்பித்தாயிற்று. வடைக்கு அரைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன்.

அவள் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்பப் போறதா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"டாக்டர் சொன்ன அளவுதான். வலியில்லை மன்னி." பிறகு கையை நீட்டினாள். "செத்த நாழி பிடிச்சுக்கோங்கோளேன்."

இரண்டடி தூரம்தான் இருக்கும்.

"மடியா இருக்கேன்டி" என்றேன்.

"ஆமாம், மறந்துட்டேன்" என்று கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வடை தட்டினேன். சாப்பாடு முடிந்ததும், முறைப்படி, திருப்திதானா என்று என் புருஷன் கேட்க, திருப்தி என்று பிராமணர்கள் சொன்னார்கள். எல்லாம் முடிந்து நான் கொல்லைக்குப் போகும்போது மணி மூன்று இருக்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தாள்.

உயிரைப் பற்றி நான் விட்ட சவடாலை எருக்கங்குச்சிக்குப் பயந்து கைவிட்டேன். அது சரியா தப்பா என்று கேட்டால், பாவமாகவே இருந்தாலும் மறுபடியும் அவளை அழைத்துக்கொண்டு போவேன் என்று சொல்ல எனக்கு இப்போது தைரியம் இருக்கிறது. அந்த இரண்டடியை ஏன் தாண்டவில்லை என்று கேட்டால் மடியைக் காரணம் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. அடுப்பில் இருந்தது ஒரு வேளைச் சமையல். அவளுக்குப் பிறகு கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தார்கள், எனக்கும் ஒரு பெண் தங்கினாள். பண்டிகைக்கு வந்தால் மன்னி மன்னி என்று பிரியமாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.